கிணற்றடிக்கு வராத உரிமை

உலகக் காலநிலை உடன்படிக்கைகளில் மனித உரிமைக்கு இடம் கிடைத்துப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அளவெட்டித் தோட்டக்காரருக்கு அதனால் என்ன கிடைத்தது? இனி என்ன கிடைக்க வேண்டும்?

அளவெட்டியில் பழைய காணி உறுதி ஒன்றை விரித்துப் படித்தால், பரப்பும் எல்லையும் சொல்லி முடிந்த கையோடு கிணறு வந்துவிடும். கிழக்கே இன்னாரின் காணி, மேற்கே ஒழுங்கை என்று நான்கு எல்லையும் எழுதியபின், அந்தக் காணிக்குரிய கிணற்றில் எத்தனை பங்கு, வாய்க்காலில் என்ன பாத்தியதை, கிணற்றடிக்குப் போகும் வழியில் என்ன உரிமை என்பதெல்லாம் பிசகில்லாமல் பதிவாகியிருக்கும். நான்கு பங்காளிகள் என்றால் நான்கு நாளுக்கு ஒருமுறை இறைப்பு. ஒருவரின் முறை நாளில் இன்னொருவர் மிசினை இறக்கினால் அன்றைக்கே கேள்வி வரும். பேசித் தீராவிட்டால் வழக்கு மல்லாகம் கோட்டுக்குப் போகும்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத மண்ணில் தண்ணீர் உரிமையை இப்படித்தான் காத்தார்கள். யாருக்கு எவ்வளவு, யார் பொறுப்பு, மீறினால் எங்கே போவது என்று எல்லாம் எழுத்தில் இருந்தது.

உலக நாடுகள் காலநிலை பற்றிச் செய்துகொண்ட ஒப்பந்தங்களை இந்த உறுதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலைச் சாசனம் மனித உரிமை பற்றி எதுவும் பேசவில்லை. 1997இன் கியோட்டோ நெறிமுறையும் பேசவில்லை. 2010இல் மெக்சிக்கோவின் கான்குன் மாநாட்டில்தான், காலநிலை தொடர்பான எல்லா நடவடிக்கைகளிலும் நாடுகள் மனித உரிமையை முழுமையாக மதிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் சொன்னது. 2015 டிசெம்பர் 12ஆம் திகதி நிறைவேறிய பாரிஸ் உடன்படிக்கை மனித உரிமைகள், சுகாதாரத்துக்கான உரிமை, பழங்குடியினர், உள்ளூர்ச் சமூகங்கள், புலம்பெயர்ந்தோர், சிறுவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் உரிமைகள் எல்லாவற்றையும் நிரலாகச் சொல்கிறது. ஆனால் சொல்வது முகவுரையில். நாடுகளைக் கட்டுப்படுத்தும் 2ஆம் உறுப்புரைக்குள் அதைக் கொண்டுவரப் பலர் வாதாடினார்கள். இறுதி வாசகத்தில் அது எடுபடவில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கை அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது.

முகவுரையைக் காட்டி எவரும் ஒரு கிணற்றைக் காப்பாற்ற முடியாது. உரிமை யாருடையது, அதைக் காக்கும் கடமை யாருடையது, மீறப்பட்டால் பரிகாரம் எங்கே என்பவை திட்டங்களின் உள்ளுடம்பில் எழுதப்பட வேண்டும். அளவெட்டியும் அதைச் சுற்றிய வலிகாமமும் பட்ட பாடு அதற்குப் போதிய சாட்சி.

நல்ல தண்ணீரின் கணக்கு

தவில் மேதை தெட்சணாமூர்த்தியாலும் நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனாலும் இசையுலகம் அறிந்த ஊர் அளவெட்டி. கவிஞர் மஹாகவி பிறந்த ஊரும் இதுவே. ஊரின் அன்றாடமோ தோட்டத்தில் நடக்கிறது. செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் கிணற்றுத் தண்ணீரை நம்பியே விளைகின்றன. குடிப்பதற்கும் அதே தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் ஆபத்தின் அளவு தெரியும். செம்பாட்டுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை. வெடிப்பும் குடைவுமான பாறை என்பதால் மழைநீர் வேகமாக இறங்கிவிடும். இறங்கிய நன்னீர், பாறைக்குள் ஏற்கனவே புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் மிதந்தபடி நிற்கும். உவர்நீரைவிட அது அடர்த்தி குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலாளர்களின் பொதுக் கணக்கு. வெடிப்பு மிகுந்த எமது பாறையில் அது அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான். மேலே ஓர் அடியை இழந்தால் கீழே பல அடிகளை உவர் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மீறி இறைத்தாலும் கடல்மட்டம் உயர்ந்தாலும் விளைவு ஒன்றே.

இந்தச் சேமிப்பை நிரப்புவது பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரி மழை. பூமி சூடேறும்போது மழை பெய்யும் விதம் மாறுகிறது. பல நாள் பரவிப் பெய்ய வேண்டியது சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயலின்போதும், 2024 நவம்பர் இறுதியிலும் யாழ்ப்பாணம் வெள்ளக்காடானதைக் கண்டோம். கொட்டும் மழை மண்ணுக்குள் இறங்க நேரமில்லாமல் ஓடிவிடும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் ஊடாக அராலிக் கடலுக்குப் போகும் வழுக்கையாறுதான் வலிகாமத்தின் ஒரே மழைக்கால ஆறு. குளங்கள் தூர்ந்து, வாய்க்கால்கள் மேல் மதிலும் வீடும் எழும்பிய இடங்களில், தேங்கி ஊற வேண்டிய தண்ணீருக்குத் தேங்க இடமில்லை.

காலநிலை மாற்றம் அளவெட்டிக்கு வருவது பனிமலை உருகும் படமாக அல்ல. கிணற்றில் சவர் ஏறுவதாக வருகிறது. அப்படிப் பார்த்தால் அது சுற்றாடல் திணைக்களத்தின் கோப்போடு முடிகிற விடயமாகத் தெரியாது. குடிநீர், உணவு, தொழில், சொந்த ஊரில் தொடர்ந்து வாழ்வது ஆகிய எல்லா உரிமைகளையும் அது ஒரே சமயத்தில் தொடுகிறது.

எண்ணெய் படர்ந்த கிணறுகள்

உரிமை எழுதப்படாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அறிய அளவெட்டி மக்கள் நெடுந்தூரம் போகத் தேவையில்லை. மல்லாகத்தைத் தாண்டினால் சுன்னாகம்.

1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஒரு தலைமுறை ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாகி, கைவிடப்பட்ட துலாக்கள் திரும்பவும் வேலைக்கு வந்தன. உலகைச் சூடாக்கிய புகையில் அந்த மக்களின் பங்கு இல்லையென்றே சொல்லலாம். இன்றைக்கும் இலங்கையர் ஒருவரின் பெயரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டே கணக்காகிறது. உலகச் சராசரி அதன் நான்கு மடங்குக்கும் மேல்.

போரின் இறுதிக் காலத்தை ஒட்டிச் சுன்னாகத்தில் நோர்தேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனத்தின் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் சுற்றிலும் இருந்த கிணறுகளில் எண்ணெய் தெரிந்தது. அள்ளிய வாளியில் படலம், தண்ணீரில் எண்ணெய் மணம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளின் நீரைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவோ அதோடு ஒத்துப்போகவில்லை. இந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்ட தாய்க்கு ஆம், இல்லை என்று தெளிவாக ஒரு பதில் கிடைக்கவில்லை. கிணற்றடியில் நின்றவர்கள் குடத்தோடு பவுசருக்குக் காத்திருந்தார்கள்.

மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2015இன் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின் உற்பத்தியை நிறுத்த உத்தரவிட்டது. அதே ஆண்டு தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மக்களின் இழப்பில் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்ய நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது.

இலங்கையின் சுற்றாடல் சட்ட வரலாற்றில் இது பெரிய தீர்ப்பு. இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்று 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் பிறந்த சிந்தனையின் தொடர்ச்சி. ஆனாலும் தாமதத்தை மறந்துவிடக் கூடாது. எண்ணெய் தெரிந்து, ஆய்வு நடந்து, மறியல் நடந்து, வழக்கு நடந்து, பரிகாரம் வருவதற்குள் ஆண்டுகள் கழிந்தன. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கைகாட்ட ஓர் ஆலை இருந்த வழக்கிலேயே இந்த நிலை. கடல் ஏறி, மழை பிசகி, கிணறு சவராகும்போது எந்த ஆலையைக் கைகாட்டுவது? காலநிலைக் கொள்கைக்குள் உரிமை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது.

கேளாமல் செய்த நன்மை

காலநிலையின் பெயரால் எடுக்கப்படும் நடவடிக்கையும் உரிமையை மிதிக்கலாம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போன ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நைதரசன் மாசைக் குறைப்பது பற்றி அங்கே பேசினார். இங்கே வெங்காயத்துக்கும் நெல்லுக்கும் உரமில்லாமல் விவசாயிகள் வீதியில் நின்றார்கள். நவம்பரில் தடை விலக்கப்பட்டது. போன போகம் போனதுதான்.

நோக்கத்தில் பிழை சொல்ல முடியாது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் பல காலமாகச் சொல்கின்றன. செம்பாட்டில் இடும் யூரியா சுண்ணாம்புப் பாறை வழியே நேரே குடிநீருக்குள் இறங்குகிறது. அதே உரத்திலிருந்து கிளம்பும் நைதரசு ஒட்சைட்டு, காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. உரத்தைக் குறைப்பது கிணற்றுக்கும் நல்லது, வானத்துக்கும் நல்லது. அதை விவசாயியோடு உட்கார்ந்து, பயிருக்குப் பயிர் அளவு வகுத்து, சில ஆண்டுகள் எடுத்துச் செய்திருந்தால் அளவெட்டித் தோட்டக்காரரே முன்னின்று செய்திருப்பார். தன் பிள்ளை குடிக்கும் தண்ணீர் அது. அவரைக் கேட்காமல் திணித்ததால் ஒரு நல்ல நோக்கம் ஒரு தலைமுறைக்குக் கெட்ட பெயரோடு நிற்கிறது.

மன்னாரில் இன்னொரு பாடம். 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதாக இலங்கை உலகுக்கு வாக்களித்திருக்கிறது. காற்று பலமாக வீசும் மன்னார்த் தீவில் தம்பபவனி காற்றாலைகள் சுழல்கின்றன. அங்கே மேலும் காற்றாலை அமைக்கும் அதானி குழுமத்தின் திட்டம் நீதிமன்றம் வரை போய், 2025 பெப்ரவரியில் நிறுவனமே விலகிக்கொண்டது. ஓகஸ்டில் வேறு காற்றாலைத் திட்டங்களுக்கான பாகங்கள் தீவுக்குள் வந்தபோது மக்கள் வாகனங்களை மறித்தார்கள். வெள்ளம் வடியும் வழி, மீன்பிடி, பறவைகளின் வலசை, குடியிருப்புக்கும் காற்றாலைக்கும் இடையிலான தூரம் என்று அவர்கள் எழுப்பிய கேள்விகள் தெளிவானவை. அவர்களைக் காற்றாலை எதிர்ப்பாளர்கள் என்று தள்ளிவிடுவது எளிது. தங்கள் தீவில் எது வரலாம், எங்கே வரலாம் என்பதில் தங்களுக்கும் சொல் இருக்க வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள்.

உலகம் இந்தப் பாடத்தைப் பனாமாவில் படித்திருக்கிறது. அங்கே பாரோ பிளாங்கோ அணை, காபன் வரவு பெறும் தூய திட்டமாக ஐ.நா. பொறிமுறையில் பதிவானது. ங்கேபே பழங்குடியினரின் நிலம் நீரில் மூழ்குவதை அந்தப் பதிவு தடுக்கவில்லை. முறையிட வழியும் அதில் இல்லை. நீண்ட போராட்டத்தின்பின் 2016இல் பனாமா அரசே பதிவை விலக்கியது. பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் வந்த புதிய காபன் சந்தைப் பொறிமுறைக்கு 2024இல் முறையீட்டு நடைமுறை ஒன்று சேர்க்கப்பட்டது. உரிமையை உடம்புக்குள் எழுத முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஹேக் வரை போன மாணவர்கள்

2019இல் பசிபிக் தீவுகளின் 27 சட்ட மாணவர்கள், காலநிலை நீதி பற்றி உலகின் மிக உயர்ந்த நீதிமன்றத்திடமே கேட்டுவிட வேண்டும் என்று தொடங்கினார்கள். வனுவாத்து அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச் சபை கேள்வியை ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 90க்கும் மேற்பட்ட நாடுகள் வாதாடின. 2025 ஜூலை 23ஆம் திகதி நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரை சொன்னது. தூய, ஆரோக்கியமான, நிலைபேறான சுற்றாடல் இல்லாமல் ஏனைய மனித உரிமைகளை அனுபவிக்க முடியாது; காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை; கடமை தவறினால் பரிகாரப் பொறுப்பும் எழலாம் என்பது அதன் சாரம்.

அதற்கு முன்பே வழி திறந்துகொண்டிருந்தது. 2022 ஜூலையில் ஐ.நா. பொதுச் சபை 161 வாக்குகளால், எதிர்வாக்கு ஒன்றும் இல்லாமல், தூய சுற்றாடலை மனித உரிமையாக ஏற்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஐ.நா. மனித உரிமைகள் குழு, ஏறும் கடலிலிருந்து டொரஸ் நீரிணைத் தீவு மக்களைக் காக்கத் தவறியதால் அவுஸ்திரேலியா அவர்களின் உரிமையை மீறியது என்று கண்டது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வெப்ப அலையில் தங்கள் உயிருக்கு ஆபத்து என்று முறையிட்ட சுவிஸ் மூதாட்டிகளின் சங்கத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எங்கள் ஊர்களிலிருந்து போனவர்கள் பலர் வாழும் நாடு சுவிட்சர்லாந்து. அங்கே வாக்குரிமை உள்ள தமிழர் இந்தத் தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் குரல்களோடு சேர்ந்தால், அது வலிகாமத்துக் கிணற்றுக்கும் செய்யும் உதவி.

இந்தத் தீர்ப்புகள் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்திருக்கின்றன. பணக்கார நாடுகள் மனமிரங்கித் தரும் உதவி என்ற நிலையிலிருந்து, கொடுக்க வேண்டிய கடன் என்ற நிலைக்குப் பேச்சு நகர்ந்திருக்கிறது. 2022இல் ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பு, சேத நிதியத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மண்சரிவில் வீடிழந்த மலையகத் தோட்டக் குடும்பங்களில் பலவற்றுக்குத் தலைமுறைகளாக வாழ்ந்த நிலம் சொந்தப் பெயரில் இல்லை. காணி தன் பெயரில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இழப்பீடு ஒரே வேகத்தில் போய்ச் சேராது. உரிமை பேசாத நிவாரணம் முதலில் தவறவிடுவது இவர்களைத்தான்.

கொழும்பில் சாத்தியிருக்கும் கதவு

ஹேக்கில் திறந்த கதவு அளவெட்டிவரை திறந்திருக்கிறதா? இலங்கை அரசியலமைப்பின் 27(14)ஆம் உறுப்புரை, சுற்றாடலைப் பாதுகாத்து மேம்படுத்துவது அரசின் பணி என்கிறது. 29ஆம் உறுப்புரை, அந்த அத்தியாயத்தில் உள்ளவற்றை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்கிறது. அடிப்படை உரிமை மனுவை 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். அது இருப்பது கொழும்பில். உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். கிணறு ஒரு மாதத்தில் சவராவதில்லை. ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் கரிக்கும் தண்ணீருக்கு எந்த நாளை மீறல் நாள் என்று குறிப்பது?

நாட்டுக்குள் தீர்வில்லாவிட்டால் ஜெனீவா என்று சிலர் நினைக்கலாம். டொரஸ் நீரிணை மக்கள் சென்ற அதே ஐ.நா. குழுவுக்குத் தனிமனிதர் முறையிடும் நெறிமுறையை இலங்கையும் 1997இல் ஏற்றிருக்கிறது. ஆனால் 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம், அந்த ஏற்பு அரசியலமைப்போடு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. குழு என்ன சொன்னாலும் நாட்டுக்குள் அது செல்லாது. தமிழர் ஒருவரின் சிறைவழக்கில் சாத்தப்பட்ட கதவு, இன்றைக்குக் காலநிலையால் பாதிக்கப்படும் சிங்கள, முஸ்லிம், தமிழ் மக்கள் எல்லோருக்கும் சாத்தியே இருக்கிறது.

செய்ய வேண்டியவை

முதல் தேவை தகவல். மாரிக்கு முன்னும் பின்னும் வலிகாமத்துக் கிணறுகளின் நீர்மட்டம், உவர்த்தன்மை, நைத்திரேற்று ஆகியவை அளக்கப்பட்டு, கிராம அலுவலர் பிரிவு வாரியாகத் தமிழில் எழுதி, பிரதேச சபையிலும் கமநல சேவை நிலையத்திலும் ஒட்டப்பட வேண்டும். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கமக்காரர் அமைப்புகளும் பாடசாலைகளும் அதைப் பயன்படுத்தி இந்தத் தரவுகளைக் கேட்டு வாங்கலாம், இன்றைக்கே தொடங்கலாம்.

அடுத்தது கலந்தாய்வு. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் ஏன் எதிர்த்தார்கள் என்று முதலிலேயே காதுகொடுத்துக் கேட்டிருந்தால், இரண்டு மாவட்டங்களுக்கு இடையில் அந்தக் கசப்பு வளர்ந்திராது. பின்னர் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. கடல்நீரைச் சுத்திகரிக்க ஒரு கன மீற்றருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவை. அந்தச் செலவை யார் சுமப்பார், குழாய் முதலில் எந்த ஊருக்குப் போகும், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணியை இழந்து இன்னும் திரும்பாதவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்பதெல்லாம் மக்களோடு பேசித் தீர்க்க வேண்டியவை. மக்கள் சொன்னதற்கு எழுத்தில் பதில் கொடுக்கும் கடமையும் அதிகாரிகளுக்கு இருக்க வேண்டும். பதிலில்லாத கூட்டம் கையெழுத்து வாங்கும் சடங்காகவே முடியும்.

மூன்றாவது பரிகாரம். அடிப்படை உரிமை மனுக்களை மாகாண மேல் நீதிமன்றங்களும் விசாரிக்க அரசியலமைப்பு இடமளிக்க வேண்டும். மெல்ல மெல்ல நிகழும் சுற்றாடல் தீங்குக்கு ஒரு மாத எல்லை பொருந்தாது என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். ஆரோக்கியமான சுற்றாடலுக்கான உரிமை அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்துக்குள் வர வேண்டும். புதிய அரசியலமைப்பு பற்றிப் பேசும் எந்தத் தமிழ்க் கட்சியும் நிலத்தையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசும் அதே அழுத்தத்தோடு நிலத்தடி நீரைப் பற்றியும் பேச வேண்டும்.

இலங்கை காலநிலைத் திட்டங்களை ஐ.நா.வுக்கு அனுப்பும்போது மெகாவாற்றும் தொன்னும் இலக்கங்களாக நிறைகின்றன. அவற்றோடு ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வரி சேர வேண்டும்: இதனால் பாதிக்கப்படுபவர் யாரிடம், எந்த மொழியில் முறையிடலாம், எத்தனை நாட்களுக்குள் பதில் கிடைக்கும், இழப்பை யார் கொடுப்பார். அந்த வரியை எழுத வைப்பது அமைச்சுகளின் வேலை மட்டுமன்று, நம்முடைய வேலையும்தான். அது எழுதப்படும்வரை, எங்கள் காலநிலைக் கொள்கையில் மனித உரிமை இருக்கிறது என்று சொல்ல எந்த அரசுக்கும் தகுதி இல்லை.